1860 நேட்டாலில் காலப்பயணி: கதை ஏன் நகரவில்லை?

1860-ல் நேட்டாலுக்கு, அதாவது இன்றைய தென்னாப்பிரிக்காவில் இருந்த பிரிட்டிஷ் காலனிக்குப் போகும் உங்கள் காலப்பயணிக்கு எதிரி கால இயந்திரத்தின் கோளாறு இல்லை, அனுமதிச் சீட்டு. “கதையில் 1860 ஏன் வெறும் திரைச்சீலையாகத் தொங்குகிறது?” என்று கேட்டிருந்தீர்களே, காரணம் இதுதான்: அவன் கரும்புத் தோட்டங்களில் இஷ்டத்துக்குச் சுற்றுகிறான். ஒப்பந்தத்தில் வந்த கூலியாள், முதலாளியின் சீட்டில்லாமல் தோட்டத்தைத் தாண்டினால் தண்டனை. ஆளுக்கோர் எண் வேறு. எண்ணே இல்லாத ஒரு தமிழன் அங்கே பிடிபட்டால்? கதை அங்கே ஆரம்பிக்கிறது.

ஒன்று செய்து பாருங்கள். அத்தியாயத்தில் 1860-ஐ 1960 என்று மாற்றிப் படியுங்கள். எந்த வரியும் இடிக்கவில்லை என்றால் காலம் இன்னும் கதைக்குள் வரவில்லை.

அப்புறம், முதல் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றி வந்த ட்ரூரோ கப்பலில் வந்தவர்கள் டர்பன் ரயிலைப் பார்த்து மிரளும் காட்சி. ரயில் ஜூனில் ஓடத் தொடங்கியது, கப்பல் நவம்பர் 16-ல் வந்தது, அதுவரை சரி. ஆனால் அவர்கள் ஏறியது சென்னையில். ராயபுரத்தில் 1856-லேயே ரயில் வந்துவிட்டது. சிலராவது “இவ்வளவுதானா?” என்று பார்த்திருப்பார்கள். எனக்கு அந்தக் காட்சிதான் பிடிக்கும்.

ஒரு எச்சரிக்கை: ஒப்பந்தம் முடிந்தும் நேட்டாலிலேயே தங்கியவர்கள் மீது போட்ட மூன்று பவுன் வரியை இதில் நுழைக்காதீர்கள். அது 1895 சட்டம். எங்கள் வீட்டுப் பெரியவர்களே 1860-ஐயும் அந்த வரியையும் கலந்துதான் சொல்வார்கள்.