பிளீச்சிங் பவுடர் தினமும் போட்டும் நீச்சல் குளம் பச்சையாகிறது, குழந்தைகளுக்குக் கண் எரிகிறது. என்ன செய்யலாம்?

உச்சிப்புளிப் பக்கம் ஹோம்ஸ்டே, 10க்கு 4 மீட்டர் குளம், சராசரி ஆழம் 1.25, போர் தண்ணீர் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் 50,000 லிட்டர். கீழே உள்ள அளவெல்லாம் அந்தக் கணக்குக்குத்தான்.

பவுடர் குறைந்ததால் வந்த வினை இல்லை இது. பிளீச்சிங் பவுடரில் பாதிக்கு மேல் சுண்ணாம்பு வகையறா. போடப் போட பிஎச் (தண்ணீரின் அமில-கார அளவு) ஏறும். 7.5இல் குளோரின் பாதியளவு வேலை செய்யும் வடிவில் இருக்கும். 8இல் கால்வாசிகூடத் தேறாது. பவுடர் கரைகிறது, பாசி சிரிக்கிறது. போதாததற்கு, வெயிலில் ஆவியாவது தண்ணீர் மட்டும். உப்பும் சுண்ணாம்பும் குளத்திலேயே தங்கிவிடும். வாலிநோக்கம் உப்பளத்தில் நடப்பதேதான். ஓரத்து டைல்ஸில் வெள்ளைப் படிவம் இருக்கிறதா பாருங்கள்.

கண் எரிச்சலுக்கும் மூக்கைத் துளைக்கும் நெடிக்கும் காரணம் குளோரின் அதிகமானது என்றே பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் நேர்மாறு. வியர்வை, சிறுநீரோடு சேர்ந்து வீணாய்ப்போன குளோரின்தான் அந்த வாசனை. சொட்டு விட்டால் மஞ்சளாகும் கிட், வேலை செய்யும் குளோரின், வீணானது இரண்டையும் சேர்த்தே காட்டும், ஏமாந்துவிடுவீர்கள். இரண்டையும் பிரித்துக் காட்டும் டிபிடி (DPD) மாத்திரைக் கிட் வாங்குங்கள். 1ஆம் மாத்திரையில் வரும் இளஞ்சிவப்பு, வேலை செய்யும் குளோரின். அதே குழாயில் 3ஆம் மாத்திரையைப் போட்டதும் நிறம் கூடினால், கூடிய அளவு வீணானது. அது 0.4 பிபிஎம்மை, அதாவது லிட்டருக்கு 0.4 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது.

முதலில் பிஎச்சை 7.2–7.6க்குக் கொண்டுவாருங்கள். ஒரு வாளித் தண்ணீரில் அரை லிட்டர் ஹைட்ரோகுளோரிக் ஆசிட் (தண்ணீரில்தான் ஆசிட், ஆசிட்டில் தண்ணீர் இல்லை). பம்ப் ஓடும்போது, எவர்சில்வர் ஏணிக்குத் தள்ளி ஊற்றுங்கள். நாலு மணி நேரம் கழித்து மறுபடி டெஸ்ட். ஒரே நாளில் இறக்க அவசரப்பட வேண்டாம். பிளீச்சிங் வாளியும் ஆசிட் வாளியும் ஒன்றாகவே கூடாது, விஷவாயு கிளம்பும்.

பிறகு பொழுது சாய்ந்ததும், வீணான அளவைப்போல் 10 மடங்கு குளோரின் ஒரே தடவையில். 0.6 இருந்தால் 6 பிபிஎம், அதாவது 300 கிராம் குளோரின். 65 சதவீத கால்சியம் ஹைப்போகுளோரைட்டில் (பிளீச்சிங் பவுடரின் வீரியமான வகை) சுமார் 460 கிராம். சுவரைப் பிரஷ் போட்டுத் தேய்த்து, இரவு முழுக்க பம்ப் ஓடட்டும். அளவு 3க்கு இறங்கும்வரை யாரும் இறங்கக் கூடாது. அதற்குப் பின் தினமும் 1 முதல் 3க்குள் நிறுத்தினால் போதும்.

நம் வெயிலுக்கு, திறந்த குளத்தில் காலையில் போட்டது சாயங்காலம் இருக்காது. சயனூரிக் ஆசிட் 1.5 கிலோ போட்டால் 30 பிபிஎம் வரும், அது குளோரினைக் காக்கும். ஆனால் டிசிசிஏ (TCCA) என்ற குளோரின் மாத்திரையிலேயே அது கலந்திருக்கிறது. தினம் 2 பிபிஎம் குளோரினுக்கு மாத்திரை போட்டால் மாதத்தில் 36 பிபிஎம் சயனூரிக் ஆசிட் சேரும். 50 தாண்டினால் குளோரின் மந்தமாகும். தண்ணீரை மாற்றுவதைத் தவிர வழியில்லை. மாத்திரையையும் ஹைப்போகுளோரைட்டையும் ஒரே டப்பாவில் வைத்தால் தீப்பிடிக்கும்.

புதுத் தண்ணீர் விடுமுன் ஒரு வாளியில் பிடித்து, சிட்டிகை பிளீச்சிங் போட்டு ராத்திரி வையுங்கள். காலையில் செம்பழுப்பாக இருந்தால் இரும்பு. அந்த போரைத் தவிர்த்து டேங்கர் தண்ணீர் எடுங்கள்.

ஃபில்டரில் கடற்கரை மணல் போட்டுவிடாதீர்கள், கிளிஞ்சல் கலந்தது. சலித்த குவார்ட்ஸ் மணல்தான். பிரஷர் கேஜ் சுத்தமான நிலையைவிட அரை பார் ஏறினால் பேக்வாஷ் (தண்ணீரைத் திருப்பி விட்டு மணலைக் கழுவுவது), வால்வின் கண்ணாடியில் தண்ணீர் தெளியும்வரை, 2–3 நிமிடம். வால்வைத் திருப்புமுன் பம்பை நிறுத்தாவிட்டால் உள்ளே இருக்கும் கேஸ்கெட் கிழியும்.

அக்னி தீர்த்தத்தில் முழுகி, தலையில் எண்ணெயும் காலில் மணலுமாக வருகிறவர்கள் நேரே குளத்தில் குதிக்கக் கூடாது. ஷவரைப் படிக்கட்டுப் பக்கமே வையுங்கள். வயிற்றுப்போக்கு உள்ள குழந்தையை இறக்கவே வேண்டாம். வயிற்றுப்போக்கைப் பரப்பும் கிரிப்டோ (கிரிப்டோஸ்போரிடியம்) கிருமி சாதாரண குளோரினில் நாள்கணக்கில் உயிரோடிருக்கும்.

ஆழப் பக்கத்து அடி வடிகால் மூடி மேலிருந்து தெளிவாகத் தெரியாவிட்டால் அன்று குளத்தை மூடுங்கள். மூடி உடைந்திருந்தாலும் அப்படியே, பம்பும் ஓடக் கூடாது. அந்த உறிஞ்சலில் குழந்தையின் முடி சிக்கினால் இழுத்து எடுக்க முடியாது.