இரண்டு அரையிறுதிகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

டென்னிஸ் என்று பேச்செடுத்தாலே என் அப்பா ராமநாதன் கிருஷ்ணனில்தான் வந்து நிற்பார். அவர் சொல்லிச் சொல்லி, போன வாரம் கிருஷ்ணனின் ஆட்ட முடிவுகளைத் தேடி எடுத்துப் பார்த்தேன். விம்பிள்டனில் 1960, 1961 என்று இரண்டு அரையிறுதிகள். இரண்டிலும் நேர் செட்களில் தோல்வி. 1962-இல் பாதியிலேயே வெளியே. கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் பட்டம் ஒன்றுகூட இல்லை. இவரை மேதை என்பது ஊர்ப்பாசம்தானே?

கார்த்திக்

அன்புள்ள கார்த்திக்,

அவர் பிறந்தது நாகர்கோவிலில். ஊர்ப்பாசம் எனக்குக் கொஞ்சம் உண்டு, மறைக்கவில்லை. ஆனால் நீங்கள் எண்களை மட்டும் படித்துவிட்டு, எதிரே நின்றவர்களின் பெயர்களைத் தாண்டிப் போய்விட்டீர்கள்.

1960-இல் கிருஷ்ணனை வென்ற நீல் ஃப்ரேசர்தான் அந்த ஆண்டின் சாம்பியன். 1961-இல் வென்ற ராட் லேவரும் அப்படியே. ஃப்ரேசரிடம் தோற்றது 6-3, 6-2, 6-2. அதற்கு நான் வக்காலத்து வாங்கமாட்டேன். கிருஷ்ணனின் சர்வ் மெதுவானது. புல்தரையில் அது பெரிய ஊனம், அன்று அது தெரிந்துவிட்டது. லேவரிடம் 6-2, 8-6, 6-2. இங்கே நடுவில் இருக்கும் 8-6-இல் சற்று நில்லுங்கள். இழுத்துக்கொண்டே போகும் செட்டைச் சட்டென்று முடிக்கும் டை-பிரேக்கர் விம்பிள்டனுக்கு வந்தது 1971-இல்தான். அதுவரை இரண்டு கேம் வித்தியாசம் வரும்வரை ஆடித் தீர்க்க வேண்டும். அந்த ஒரு செட் கைமாறியிருந்தால் என்று யோசிக்க இடமுண்டு. நாடுகளுக்கு இடையிலான டேவிஸ் கோப்பையில், 1959-இல், இதே லேவரை வென்றவர்தான் கிருஷ்ணன்.

என்னைக் கேட்டால், அந்தப் பட்டியலில் பார்க்க வேண்டியது அரையிறுதியை அல்ல, அதற்கு ஒரு வரி மேலே. 1961 காலிறுதி: ராய் எமர்சனை 6-1, 6-4, 6-4. எமர்சன் அந்த ஆண்டுதான் ஆஸ்திரேலியப் பட்டத்தை வென்றிருந்தார். பின்னால் மொத்தம் 12 கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் பட்டங்கள் வரை போனவர். ஓடி ஓடி வலையருகே வந்து அடித்து நொறுக்கும் ஆள். அவரை, சர்வில் பலமே இல்லாத ஒருவர் மூன்றே செட்டில் அனுப்பியிருக்கிறார். எதிராளியின் வேகத்தையே வாங்கி, பந்தை ஆளில்லாத இடத்தில் மெதுவாக வைத்துவிடுகிற ஆட்டம் அது. அடிப்பதல்ல, வைப்பது. மகன் ரமேஷ் கிருஷ்ணனின் ஆட்டத்தை டிவியில் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது உடனே புரியும்.

உங்கள் பக்கம் நின்றும் ஒன்று சொல்லிவிடுகிறேன். அன்றைய விம்பிள்டனில் தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு இடமில்லை. 1968-இல்தான் கதவு திறந்தது. பாஞ்சோ கொன்சாலஸ், கென் ரோஸ்வால் போன்றவர்கள் களத்தில் இருந்திருந்தால் அந்த அரையிறுதிகள் எளிதில் கிடைத்திருக்காது. எமர்சனின் பட்டங்களுக்கும் இதே கேள்வி உண்டு என்பது வேறு விஷயம்.

உங்கள் அப்பா மனதில் இருப்பது விம்பிள்டனாக இருக்காது என்று நினைக்கிறேன். அது 1966 கல்கத்தாவாக இருக்கலாம். பிரேசிலுடன் டேவிஸ் கோப்பை மோதல், மொத்தம் ஐந்து ஆட்டங்கள். 2-2 என்று சமநிலை. கடைசி ஆட்டத்தில் பிரேசில் வீரர் தாமஸ் கோச் மூன்றாவது செட்டை 12-10 என்று பிடுங்கி, நான்காவதில் 5-2 முன்னிலை. இன்னும் ஒரே கேம். அங்கிருந்து கிருஷ்ணன் தொடர்ந்து ஐந்து கேம் எடுத்து 7-5, பிறகு ஐந்தாவது செட் 6-2. இந்தியா முதன்முறையாக இறுதிக்குப் போனது. மெல்போர்னில் ஆஸ்திரேலியாவிடம் 4-1 தோல்விதான். அந்த ஒரு புள்ளி, கிருஷ்ணனும் ஜெய்தீப் முகர்ஜியும் சேர்ந்து நியூகோம்ப் - ரோச் இணையை வென்று எடுத்தது. முந்தைய ஆண்டு விம்பிள்டன் இரட்டையர் பட்டம் வென்ற இணை அது.

1962 பற்றி ஒரு திருத்தம். அந்த ஆண்டு விம்பிள்டன் தொடங்கும் முன் தரவரிசையில் (சீடிங்) அவருக்குத் தரப்பட்ட இடம் 4. யாரும் அவரை ஆடி வீழ்த்தவில்லை. கணுக்கால் அடிபட்டு விலகினார்.