வாசகர் கேள்வி பதில்: அந்தப் பெட்டியை அணைக்காதீர்கள் அம்மா!

கேள்வி: மகளுக்குப் பேறுகாலம். டெக்சஸில் ஆஸ்டினுக்கு வெளியே வீடு வாங்கியிருக்கிறார்கள், உதவிக்குப் போகப் போகிறேன். போன தடவை போனபோது பின்பக்கம் ஒரு பெட்டி இரவும் பகலும் உர்ரென்று ஓடிக்கொண்டே இருந்தது. கரண்டு வீணாகிறதே என்று அணைத்துவிட்டேன். மருமகன் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் முகம் சரியில்லை. இப்போது எண்ணெய் ஊற்றாதீர்கள், வைப்ஸ் போடாதீர்கள் என்று மகள் பட்டியலே அனுப்பியிருக்கிறாள். ஒரு கழிவுத் தொட்டிக்கு இவ்வளவு அலட்டலா?
– வாசகி, ஈசூன்

பதில்: மன்னிக்க வேண்டும் அம்மா, நான் மருமகன் பக்கம். நம் சிங்கப்பூர் வீவக அடுக்குமாடி வீட்டில் ஃபிளஷை அழுத்தியதோடு நம் வேலை முடிந்தது. கிராஞ்சியிலிருந்து சாங்கி வரை 48 கிலோமீட்டருக்கு ஒரு ஆழச் சுரங்கம் போகிறது, கழிவுநீர் அதில் போய்ச் சேர்ந்தால் சாங்கியில் காற்றை ஊதி ஊதி அழுக்கைத் தின்னும் நுண்ணுயிர்களை வளர்த்துச் சுத்தம் செய்கிறார்கள். உங்கள் மகள் வீட்டில் அதே வேலை தோட்டத்து மண்ணுக்கு அடியில் நடக்கிறது. முதல் தொட்டியில் கசடு தங்கும், அடுத்ததில் காற்று, அப்புறம் தெளிவது, கடைசியில் ஒரு குழாயில் அடுக்கியிருக்கும் குளோரின் மாத்திரையில் பட்டுப் புல்வெளியில் தெளிக்கப்படும். நீங்கள் அணைத்த பெட்டிதான் அந்தக் காற்றை ஊதுகிறது. கொஞ்ச நேரம் கரண்டு போனால் பரவாயில்லை, நாள்கணக்கில் நின்றால் காற்றில் வாழும் நுண்ணுயிர்கள் செத்து அழுகின முட்டை நாற்றம் கிளம்பிவிடும். நன்றாக ஓடும் தொட்டியில் லேசான மண்வாசனைதான் வரும்.

இனி சமையலறை. பிள்ளை பெற்ற வீட்டில் வடையும் குழம்பும் இல்லாமல் இருக்காது, ஆக்குங்கள், ஆனால் வாணலியைக் கழுவும் முன் டிஷ்யூவால் நன்றாகத் துடைத்து அதைக் குப்பையில் போடுங்கள். எண்ணெய் மேலே ஏடு கட்டி மிதக்கும், நுண்ணுயிர்களால் அதைச் சீக்கிரம் தின்று தீர்க்க முடியாது. சிங்க்குக்கு அடியில் அரைக்கும் இயந்திரம் இருந்தால் அது இருப்பதையே மறந்துவிடுங்கள். கறிவேப்பிலையும் சோற்றுப் பருக்கையும் அதன் வழியாகப் போனால் தொட்டி சீக்கிரம் நிறையும்.

குழந்தை வந்த பிறகு வைப்ஸ்தான் பெரிய தலைவலி. பொட்டலத்தில் ஃபிளஷ் செய்யலாம் என்று போட்டிருந்தாலும் நம்பாதீர்கள், அது கரையாது, பம்பில் சுற்றிக்கொள்ளும். துணியை ஞாயிற்றுக்கிழமை ஒரேயடியாக ஐந்து தடவை மெஷினில் போடாமல், தினம் ஒரு தடவை போடுங்கள். ஒரே நாளில் வெள்ளமாகத் தண்ணீர் வந்தால் தெளிய நேரமில்லாமல் கசடும் சேர்ந்து அடுத்த தொட்டிக்குப் போய்விடும். பிளீச்சைக் கொஞ்சமாகப் பயன்படுத்தலாம், பாட்டில் பாட்டிலாக ஊற்றினால் அந்த நுண்ணுயிர்களுக்கு விஷம் வைத்த மாதிரி. கடைசியில் குளோரின் வேறு போடுகிறார்களே என்று கேட்பீர்கள். அது தெளிந்த தண்ணீருக்கு, நுண்ணுயிர் வேலையை முடித்த பிறகு.

அந்தக் குளோரின் மாத்திரை விஷயத்தில் மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: நீச்சல் குளத்துக்கு விற்கும் மாத்திரை விலை மலிவு என்று வாங்கிப் போடக் கூடாது. பெரும்பாலும் அது வேறு ரசாயனம், இரண்டும் ஒரே குழாயில் ஈரத்தோடு சேர்ந்தால் வெடிக்கக்கூட வாய்ப்பு உண்டு. கழிவுநீருக்கென்று விற்பதையே வாங்கச் சொல்லுங்கள். ஈரம் பட்டு உப்பிய மாத்திரை குழாயில் பாதியில் சிக்கிக்கொள்ளும், தண்ணீர் அதைத் தொடாமலே கீழே ஓடிவிடும். அதனால் அவ்வப்போது திறந்து பார்க்க வேண்டும், கையுறையோடு, மூக்கைக் குழாய்க்கு மேலே நீட்டாமல். அதை மருமகனிடமே விட்டுவிடுங்கள்.

சிவப்பு விளக்கு எரிந்து அலாரம் அடித்தால் காற்று நின்றிருக்கும், இல்லை தண்ணீர் மட்டம் ஏறியிருக்கும். சத்தத்தை நிறுத்தும் பொத்தான் இருக்கும், ஆனால் சத்தம் நின்றதும் கோளாறு சரியாகிவிட்டது என்று இருந்துவிடாதீர்கள். குளியல், துணி துவைப்பதைக் குறைத்துவிட்டுப் பராமரிப்பு ஆளைக் கூப்பிடச் சொல்லுங்கள். டெக்சஸில் இந்தத் தொட்டிகளை நான்கு மாதத்துக்கு ஒருமுறை சோதிப்பது விதி, அதனால் ஆள் யாரென்று மகளுக்குத் தெரிந்திருக்கும். தொட்டி மூடியைத் திறந்து எட்டிப் பார்க்கும் வேலை மட்டும் வேண்டாம், உள்ளே இருக்கும் வாயு ஆளையே சாய்த்துவிடும்.

இன்னொன்று. தெளிக்கும் தண்ணீர் புல்லுக்கு மட்டும்தான். புதினாவும் கொத்தமல்லியும் போட உங்களுக்குக் கை பரபரக்கும், தெரியும். அந்தப் பக்கம் வேண்டாம், பூந்தொட்டியில் வைத்து வாசலில் வளருங்கள்.

கேள்வி: தஞ்சாவூர்ப் பக்கம் கிராமத்தில் வீடு கட்டுகிறேன். வருடத்தில் ஒரு மாதம்தான் போவோம். இந்தக் காற்று ஊதும் தொட்டியே போட்டுவிடலாமா?
– வாசகர், ஜூரோங் வெஸ்ட்

பதில்: வேண்டாம். பூட்டிக் கிடக்கும் வீட்டில் நுண்ணுயிர்களுக்குத் தீனி ஏது? கரண்டு பில்தான் மிச்சம். ரிப்பேர் என்றால் பார்க்க ஆள் தேடி அலையவும் வேண்டும். சாதாரண செப்டிக் டேங்க்கும் உறிஞ்சு குழியும் போதும், அதற்கு மின்சாரம் தேவையில்லை. கொத்தனாரிடம் இரண்டே விஷயம் அழுத்திச் சொல்லுங்கள்: டேங்க்கின் அடித்தளத்தைக் கான்கிரீட் போட்டுக் கசியாமல் பூச வேண்டும், உறிஞ்சு குழி கிணற்றிலிருந்து குறைந்தது 18 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். உங்கள் கிணறு மட்டுமில்லை, பக்கத்து வீட்டுக்காரர் கிணறும் கணக்கில் உண்டு.