பங்க்குக்கு ஒரு புள்ளி போதுமா?

கேள்வி: யாரு வேணாலும் திருத்தக்கூடிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்ங்கற இணைய வரைபடத்துல எங்க ஊரு பெட்ரோல் பங்க்கை சேர்க்கலாம்னு உட்கார்ந்தேன். ஒரு புள்ளி வச்சா போதுமா, முழு இடத்தையும் வரையணுமா? கூரையை பில்டிங்னு போட்டா ரோடு பில்டிங்கை வெட்டுதுன்னு எச்சரிக்கை வருது. பேரு என்ன போடுறது?
- விழுப்புரம் வாசகர்

பதில்: புள்ளி வச்சாலும் தப்பில்லைங்க. ஆனா போன மாசம் எனக்கு நடந்ததைக் கேளுங்க, வண்டி ரிசர்வ்ல ஓடிட்டிருக்கு, மேப் காட்டின வழியில போனா பங்க்கோட பின்பக்கத் தெருவுல காம்பவுண்டு சுவர் முன்னாடி கொண்டுபோய் விட்டுடுச்சு, ஏன்னா யாரோ புள்ளியை அந்தத் தெருவை ஒட்டி வச்சிருக்காங்க, உள்ள போற வழியை வரையவே இல்லை. பக்கத்துல எந்த ரோடு இருக்கோ அதைத்தானே அது பிடிக்கும்! சுவரைச் சுத்தி வண்டியைத் தள்ளிக்கிட்டே வந்தேன்.

அதனால பங்க் வளாகம் முழுசையும் சுத்தி ஏரியா வரைஞ்சு அதுக்கு 'அமெனிட்டி = ஃப்யூயல்'னு டேக் (இது என்ன இடம்னு மேப்புக்குச் சொல்ற குறிப்பு) போடுங்க, ரோட்டுலேர்ந்து உள்ள வர்ற வழி, வெளிய போற வழி ரெண்டையும் சர்வீஸ் ரோடா இழுத்து மெயின் ரோட்டோட ஒட்டிடுங்க. நடுவுல மீடியன் இருக்கற நாலுவழிச் சாலைன்னா ஒன்வேயும் முக்கியம், இல்லன்னா எதிர்ப்பக்கம் போறவனையும் உள்ள கூப்பிடும். கூரைக்கு 'பில்டிங் = எஸ்' வேணாம், 'ரூஃப்'னு மாத்தி 'லேயர் = 1' (தரைக்கு ஒரு அடுக்கு மேலன்னு அர்த்தம்) கொடுங்க, அடியில வண்டி போகலாம்னு மேப்புக்குப் புரிஞ்சிடும். உள்ள கடை இருந்தா அதைத் தனியா போடுங்க.

பேரு விஷயத்துல நம்மாளுங்க 'பெட்ரோல் பங்க்'னே பேரா எழுதிடுறாங்க. அது பேரு இல்லைங்க. போர்டுல கீழ சின்னதா ஏதோ ஏஜென்சீஸ்னு இருக்கும் பாருங்க, அதுதான் பேரு. இந்தியன் ஆயில், பாரத் பெட்ரோலியம் எல்லாம் 'பிராண்ட்'ல போகணும். இன்னொன்னு, சமையல் சிலிண்டர் கொடுக்கற கேஸ் ஏஜென்சியையும் இதே டேக்ல போட்டு வச்சிருக்காங்க, ஆட்டோக்காரர் எல்பிஜி போடணும்னு தேடி வந்து நின்னா பாவம்!

கேள்வி: அன்னன்னிக்கு பெட்ரோல் விலையும் போடலாமா?

பதில்: வேணாம். 2017 ஜூன் 16லேர்ந்து தினமும் காலை 6 மணிக்கு விலை மாறலாம்னு ஆயிடுச்சு, யாரு உட்கார்ந்து மாத்துறது? அதுக்குப் பதிலா சிஎன்ஜி உண்டா, காத்து பிடிக்கலாமா, 24 மணி நேரமும் திறந்திருக்குமா, பாத்ரூம் இருக்கானு நேர்ல பாத்துட்டு வந்து போடுங்க. கூகுள் மேப்பைப் பாத்து காப்பி மட்டும் அடிச்சிடாதீங்க, நீக்கிடுவாங்க.