கேமராவோடு முதல் இலங்கைப் பயணம்: ஏழு ஊர் வேண்டாம், இரண்டு போதும்

செங்கோட்டையில் ஜெராக்ஸ் கடை நடத்தும் ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "முதல் முறையாக வெளிநாடு போகிறேன். ஆகஸ்டில் ஏழு நாள், மனைவியோடு இலங்கை. போட்டோ எடுப்பதில் பைத்தியம் எனக்கு. கொழும்பு, காலி, கண்டி, நுவரெலியா, எல்ல, சிகிரியா, யாழ்ப்பாணம் எல்லாம் பார்த்துவிட ஆசை. கேமராவோடு வந்த கிட் லென்ஸும் 50 மி.மீ. லென்ஸும் இருக்கிறது. தூரத்தில் இருப்பதை எடுக்க 70-300 ஜூம் லென்ஸ் வாங்கட்டுமா? டிரோன் கொண்டு போகலாமா?"

தம்பி, இந்தப் பட்டியலோடு போனால் பாதி நாள் வேனுக்குள்ளேயே கழிந்துவிடும், ஜன்னல் கண்ணாடி வழியாக எடுத்த படங்கள்தான் மிஞ்சும். அங்கே ரோடு நன்றாகத்தான் இருக்கும், ஆனால் மலைப்பாதையில் 100 கி.மீ. போக மூன்று மணி நேரம் ஆவது சகஜம். படத்துக்கு உதவும் வெளிச்சமோ விடிந்து ஒரு மணி நேரம், பொழுது சாய்வதற்கு முன் ஒரு மணி நேரம், அவ்வளவுதான். அந்த இரண்டு நேரமும் கேமராவோடு வெளியே நிற்கிற மாதிரி திட்டம் போடுங்கள், மிச்சமெல்லாம் அதற்குப் பிறகு.

எந்த ஊரை வெட்டுவது? அதை மழையிடம் விட்டுவிடலாம். தென்மேற்குப் பருவக்காற்று என்ன செய்யும் என்று உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. புனலூரில் கொட்டும், ஆரியங்காவு கணவாய் தாண்டி செங்கோட்டைக்கு வரும்போது சாரலாகிவிடும், ஆலங்குளம் போனால் புழுதி பறக்கும். இலங்கையிலும் அதே காற்று, அதே கதைதான்: மேற்கே காலியும் நுவரெலியாவும் நனையும், கடல் கொந்தளிக்கும், நடுமலைக்கு அந்தப் பக்கம் திருகோணமலையும் சிகிரியா வட்டாரமும் காய்ந்து கிடக்கும். ஆகவே ஆகஸ்டுக்கு கிழக்குப் பக்கம்தான். கண்டியில் பெரஹெரா அந்த மாதத்தை ஒட்டித்தான் வரும், யானை ஊர்வலமும் தீப்பந்தமும் பிரமாதம், ஆனால் அந்த நாட்களில் அறை வாடகை எக்கச்சக்கமாக ஏறிவிடும். இந்தத் தடவை வேண்டாம் என்பேன்.

சிகிரியாவுக்கும் ஹபரணைக்கும் நடுவில் எங்காவது மூன்று இரவு தங்குங்கள். சிகிரியா பாறை மேல் ஏறினால் சிகிரியாவை எடுக்க முடியாது இல்லையா, அதனால் விடியற்காலையில் எதிரே இருக்கும் பிதுரங்கல பாறையில் ஏறுங்கள், டார்ச் அவசியம், கடைசியில் கொஞ்சம் கையூன்றி ஏற வேண்டியிருக்கும். சிகிரியாவில் இருக்கும் பழைய ஓவியங்களைப் படமெடுக்க அனுமதி இல்லை, காவலரிடம் கெஞ்சிக்கொண்டு நிற்காதீர்கள். சாயங்காலம் மின்னேரியா தேசியப் பூங்காவுக்கு ஜீப்பில் போங்கள். வெயில் காலத்தில் குளத்து நீர் வற்ற வற்ற ஓரத்தில் புல் முளைக்கும், அதைத் தேடி யானைகள் கூட்டம் கூட்டமாக வரும். ஆகஸ்ட், செப்டம்பர்தான் உச்சம்.

70-300 தேவைப்படும் ஒரே இடம் இதுதான். அதற்காக விலைக்கு வாங்காதீர்கள், தென்காசியிலோ திருநெல்வேலியிலோ கல்யாண போட்டோகிராபர் யாரிடமாவது ஒரு வாரத்துக்கு வாடகைக்குக் கேளுங்கள். ஜீப்பில் டிரைபாட் விரிக்க இடம் இருக்காது. ஒரு துணிப்பையில் இரண்டு கிலோ அரிசி கட்டி ஜீப் கம்பியின் மேல் போட்டு, லென்ஸை அதில் அமுக்கி வையுங்கள், அசையாது. அரிசியை அங்கேயே கடையில் வாங்கிக்கொள்ளலாம். இஞ்சின் ஓடினால் அதிர்வு வரும், டிரைவரை அணைக்கச் சொல்லுங்கள். ஷட்டர் வேகம் 1/500 நொடியைவிட மெதுவாக வேண்டாம், அதற்காக ஐ.எஸ்.ஓ. (கேமராவின் ஒளி உணர்திறன்) ஏறினால் ஏறட்டும், புள்ளி புள்ளியாக வந்த படத்தைச் சரிசெய்யலாம், ஆடிப்போன படத்தை ஒன்றும் செய்ய முடியாது.

அப்புறம் இரண்டு இரவு திருகோணமலை. கோணேஸ்வரம் கோயில் கடலுக்கு மேல் பாறை உச்சியில் இருக்கிறது, சூரியன் கடலிலிருந்தே எழும், அதுவும் நம் ஊரைவிடக் கால் மணி நேரம் முன்னதாக. கோயிலுக்குப் போகும் வழி கோட்டைக்குள் போகிறது, புள்ளிமான்கள் ரோட்டிலேயே நிற்கும், மானை எடுங்கள், ஆனால் உள்ளே ராணுவ முகாம் இருப்பதால் சிப்பாய், வாசல், வண்டி எதுவும் பிரேமுக்குள் வரக்கூடாது. கடற்கரையில் கரைவலை இழுப்பவர்களைப் பார்த்தால் முதலில் பேசுங்கள், தமிழில்தான் பேசுவார்கள், பிறகு கேமராவை எடுங்கள். காலி பக்கம் கம்பில் உட்கார்ந்து மீன் பிடிப்பவர்கள் படம் பிரபலம், ஆனால் இன்று அதில் பெரும்பாலும் டூரிஸ்டுக்குப் போஸ் கொடுத்துக் காசு வாங்குவதுதான். கரைவலையில் நிஜமாகவே மீன் வரும். எங்கே போனாலும் புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி நின்று மட்டும் படம் எடுத்துக்கொள்ளாதீர்கள், அவமதிப்பாக எடுத்துக்கொள்வார்கள்.

எல்ல ஊர் ஒன்பது கண் ரயில் பாலம் இல்லாமல் மனசு ஆறாது என்றால் திருகோணமலையை விட்டுவிட்டு அங்கே போங்கள், இரண்டையும் ஒரே வாரத்தில் திணிக்க வேண்டாம். அது மலையின் கிழக்குச் சரிவு, ஆகஸ்டில் மழை குறைவு. மண்சரிவால் ரயில் பாதை அடைபடுவது உண்டு, ரயில் எந்த ஸ்டேஷன் வரை ஓடுகிறது என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். அதற்கு முன்னால் ஒத்திகையாக, ஒரு ஞாயிற்றுக்கிழமை கணவாய்க்கு அந்தப் பக்கம் கேரளத்தில் இருக்கும் கழுதுருட்டிக்கு ஒரு நடை போய் வாருங்கள். 1904-ல் ரயில் வந்த நம் பதிமூன்று கண் பாலம் ரோட்டை ஒட்டியே நிற்கிறது. ரயில் எந்தத் தூணில் வரும்போது அழுத்துவது, பச்சைக் காட்டுக்கு நடுவே மூடுபனி இருந்தால் எக்ஸ்போஷரை எவ்வளவு ஏற்றுவது, தூறலில் கேமராவை எப்படிப் போர்த்துவது எல்லாம் பஸ் காசோடு முடிந்துவிடும்.

ஏ.சி. அறையிலிருந்து வெளியே வந்ததும் லென்ஸில் ஆவி படியும், துடைக்காதீர்கள், பையை மூடியபடி அரை மணி நேரம் விடுங்கள். இரவு தூங்கும் முன் அன்றைய படங்களை இன்னொரு இடத்தில் நகலெடுங்கள். மத்தியானம் கேமராவைப் பையில் வைத்துவிடுங்கள், உங்கள் வீட்டுக்காரம்மாவும் விடுமுறைக்குத்தான் வருகிறார்.

திருவனந்தபுரத்தில் ஏறினால் ஒரு மணி நேரப் பயணம்தான், ஆனாலும் சீக்கிரமே விமான நிலையத்துக்குப் போய்விடுங்கள். கஸ்டம்ஸில் கேமரா, லென்ஸ் சீரியல் நம்பரோடு எக்ஸ்போர்ட் சர்டிபிகேட் வாங்கிக்கொண்டால், திரும்பி வரும்போது "இது அங்கே வாங்கியதா?" என்ற கேள்விக்கு அதைக் காட்டலாம். உபரி பேட்டரியும் பவர் பேங்கும் கைப்பையில்தான் போக வேண்டும், செக்-இன் பெட்டியில் கூடாது. ஒவ்வொன்றும் 100 வாட்-ஹவருக்குள் இருக்க வேண்டும், 20,000 எம்.ஏ.எச். பவர் பேங்க் சுமார் 74தான் வரும், கவலை இல்லை. அங்கே பல அறைகளில் மூன்று சதுரக் கால் பிளக்தான், ஒரு அடாப்டர் போட்டுக்கொள்ளுங்கள்.

டிரோன் வீட்டிலேயே இருக்கட்டும். அங்கே முன் அனுமதி இல்லாமல் பறக்கவிட முடியாது, ஒரு வாரப் பயணத்துக்கு அந்த அலைச்சல் தேவையில்லை. வெளிநாட்டில் மலிவாகக் கிடைக்கிறதே என்று புதிதாக ஒன்று வாங்கியும் வந்துவிடாதீர்கள். வெளிநாட்டு டிரோன் இறக்குமதிக்கு 2022-லிருந்தே இந்தியாவில் தடை இருக்கிறது, திரும்பி இறங்கும்போது கஸ்டம்ஸிலேயே பிடித்து வைத்துக்கொள்வார்கள்.