பதில்: இரவு வேலையும் செமஸ்டரும்

தம்பி, சிலிம் ரிவர் தோட்டத்து வீட்டிலிருந்து தஞ்சோங் மாலிமுக்குப் படிக்கப் போகிறீர்கள். வாரத்தில் ஐந்து இரவு எண்ணெய் நிலையத்தில் வேலை, வகுப்பில் தூக்கம். ஒரு செமஸ்டரை ஒத்திவைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். ஒத்திவைத்தால் அந்தக் காலத்துக்கு பி.டி.பி.டி.என். என்னும் அரசாங்கக் கல்விக் கடன் பணமும் வராது. வேலையைத்தான் குறைக்க வேண்டும்.

நம் மலேசியாவில் பல்கலைக்கழகப் பாடத்தில் ஒரு கிரெடிட் என்றால் வகுப்பு, சொந்தப் படிப்பு, தேர்வு எல்லாம் சேர்த்து 40 மணி நேரம். ஒரு செமஸ்டருக்கு 15 கிரெடிட் எடுத்தால் 600 மணி நேரம். வாரத்துக்குச் சுமார் 35 மணி வருகிறது. படிப்பே ஒரு முழுநேர வேலை, தம்பி! அதன்மேல் ஐந்து இரவு கண் விழித்தால் எந்த உடம்பு தாங்கும்? விடியற்காலையில் தூக்கக் கலக்கத்தோடு மோட்டாரில் வீடு திரும்புவதை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

சனி, ஞாயிறு இரண்டு பகல் ஷிப்ட் மட்டும் கேளுங்கள். 2025 முதல் குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 8 வெள்ளி (ரிங்கிட்) 17 காசு. வாரம் 16 மணி நேரத்துக்கு 130 வெள்ளி, மாதம் 500 வெள்ளிக்கு மேல். அந்தக் குறைந்தபட்சச் சம்பளத்தைவிடக் குறைத்துக் கொடுத்தால் தொழிலாளர் இலாகாவில் புகார் செய்யலாம். பகுதிநேர வேலைக்கும் இ.பி.எப். (ஊழியர் சேமநிதி), சொக்சோ (தொழிலாளர் காப்புறுதி) உண்டு, கேட்டு வாங்குங்கள்.

வீட்டுக்குக் கொடுக்கும் காசு குறையும், உண்மைதான். அப்பாவிடம் இந்தக் கணக்கை அப்படியே காட்டுங்கள். அப்புறம், அடுத்த வார ஷிப்ட் பட்டியல் போடும் முன்பே முதலாளியிடம் பேசிவிடுங்கள்.