வாசகர் கேள்வி–பதில்: சுகமாக இருப்பவளுக்கு எதற்குக் கிளினிக்?

திருகோணமலை மாவட்டத்திலிருந்து பெண்களின் சுகம், புற்றுநோய் பற்றி வந்த கேள்விகளை இம்முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். கேட்டவர்களின் விருப்பப்படி பெயர்களை விட்டுவிட்டோம்.

எங்கள் பகுதி மிட்வைஃப் மிஸ் சுகவனிதையர் கிளினிக்குக்கு வரச் சொல்லி இரண்டு தரம் துண்டு தந்துவிட்டார். எனக்கு வயது 36. ஒரு வருத்தமும் இல்லை, மூன்று பிள்ளைகளையும் சுகமாகப் பெற்றேன். பிறகு எதற்கு?
– வாசகி, உப்புவெளி

வருத்தம் இல்லாதபடியால்தான் கூப்பிடுகிறார். கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்குக் காரணம் எச்.பி.வி. என்ற வைரஸ். மணமான பெண்களில் மிகப் பெரும்பாலோருக்கு அது எப்போதோ ஒருமுறை தொற்றியிருக்கும். பத்தில் ஒன்பது பேருக்கு இரண்டு வருடத்துக்குள் உடம்பே அதை விரட்டிவிடும். தங்கிவிட்ட சிலரில் மட்டும் கழுத்துப் பகுதிக் கலங்கள் மெல்ல மாறத் தொடங்கும். அது புற்றுநோயாக முற்றப் பெரும்பாலும் பத்து வருடத்துக்கு மேல் எடுக்கும். அவ்வளவு காலமும் நோவு இராது, இரத்தம் படாது, ஒன்றுமே தெரியாது. அந்த இடைவெளியில் பிடித்தால் சிறிய சிகிச்சையோடு வீட்டுக்கு வந்துவிடலாம்.

இலங்கையில் இந்தக் கிளினிக்குகள் 1996 இல் தொடங்கின. 35 வயதிலும் 45 வயதிலும் பாப் பரிசோதனைக்கு, அதாவது கருப்பைக் கழுத்துக் கலங்களை எடுத்துப் பார்க்கும் சோதனைக்கு, அழைப்பார்கள். 36 ஆகிவிட்டதே என்று யாரும் திருப்பி அனுப்பமாட்டார்கள். போன இடத்தில் பிரஷரும் சீனியும் பார்ப்பார்கள், மார்பையும் சோதிப்பார்கள். உண்மையில் பலருக்குப் பிரஷர் இருப்பது அங்கேதான் தெரியவருகிறது.

உறவுக்குப் பின் இரத்தம் படுதல், மாதவிடாய் நின்று ஒரு வருடம் கழித்து மறுபடி இரத்தம், நாற்றத்தோடு நீர் போதல் – இவற்றில் ஒன்று இருந்தால் கிளினிக் நாளைப் பார்த்திருக்க வேண்டாம். நேரே ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பெண்ணோயியல் டொக்டரிடம் காட்டுங்கள்.

பாப் பரிசோதனையில் என்ன செய்வார்கள்? நோகுமா? என்ன ஆயத்தத்தோடு போக வேண்டும்? ஆண் டொக்டர் என்றால் உம்மாவுக்கும் எனக்கும் கூச்சம்.
– வாசகி, கிண்ணியா

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். கிளினிக்கில் பரிசோதனை செய்பவர் பெண்ணா என்று உங்கள் மிட்வைஃபிடம் முன்கூட்டியே கேட்டு நாள் எடுங்கள். ஆண் டொக்டர் என்றாலும் அறையில் பெண் உத்தியோகத்தர் ஒருவர் கூட நிற்க வேண்டும். அதைக் கேட்பது உங்கள் உரிமை, வெட்கப்பட ஒன்றுமில்லை.

மாதவிடாய் நாட்களில் போக வேண்டாம். இரத்தம் கலந்தால் கலங்களைப் பார்க்க முடியாது. மாதவிடாய் தொடங்கிய பத்தாம் நாளிலிருந்து இருபதாம் நாளுக்குள் நல்லது. அதற்கு முந்திய இரண்டு நாளும் உறவு வேண்டாம், உள்ளே வைக்கும் மாத்திரை, கிறீம் வேண்டாம், உட்புறத்தைச் சோப்புப் போட்டுக் கழுவவும் வேண்டாம். ‘டொக்டர் பார்க்கப் போகிறாரே’ என்று அன்று காலையில் நன்றாகக் கழுவிவிட்டு வருகிறவர்கள்தான் பெரும்பாலும் இரண்டாம் தரம் வர வேண்டியிருக்கிறது. பார்க்க வேண்டிய கலங்கள் அந்தத் தண்ணீரோடு போய்விடும். பாவாடை அல்லது தளர்வான உடுப்போடு போனால் முழுவதும் கழற்ற வேண்டி வராது. படுக்கும் முன் சிறுநீர் கழித்துவிடுங்கள்.

படுக்கையில் முழங்காலை மடித்துப் படுக்கச் சொல்வார்கள். ஸ்பெகுலம் என்ற கருவியை மெல்ல உள்ளே விட்டு விரித்தால் கருப்பைக் கழுத்து தெரியும். மரத்தாலான சிறிய தட்டைக் குச்சியை அதன் வாயில் வைத்து ஒரு முழுச் சுற்றுச் சுற்றி எடுப்பார்கள். வெளிக் கலமும் உட்கலமும் சந்திக்கிற வளையத்தில்தான் மாற்றம் தொடங்கும் என்பதால் அந்த முழுச் சுற்று முக்கியம். எடுத்ததைக் கண்ணாடி வழுக்கியில் ஒரே இழுப்பாகப் பூசி, காய்வதற்கு முன் 95 வீத அற்ககோலில் போட்டுவிடுவார்கள். திருகோணமலை வெயிலில் மின்விசிறிக்குக் கீழே அரை நிமிடம் பிந்தினாலும் கலங்கள் காய்ந்து வீங்கி, நுணுக்குக்காட்டியில் ஏதோ கோளாறுபோலத் தெரியும். வழுக்கியின் ஓரத்தில் உங்கள் பெயரையும் இலக்கத்தையும் பென்சிலால் எழுதுவதைப் பார்ப்பீர்கள். பேனை மை அற்ககோலில் கரைந்துவிடும் என்பதால்தான் பென்சில்.

எல்லாம் ஐந்து நிமிடம். நோவை விட ஓர் அழுத்தம்தான் தெரியும். இடுப்பை இறுக்காமல் வாயால் மூச்சு விட்டால் அதுவும் குறையும். பிறகு ஒரு நாள் சொட்டு இரத்தம் படலாம், பயமில்லை.

பெறுபேறு எப்போது வரும், யாரிடம் வாங்குவது என்பதைக் கேட்டுக் கிளினிக் புத்தகத்தில் எழுதிக்கொண்டு வாருங்கள். தகவல் வராவிட்டால் ‘எல்லாம் சரி’ என்று அர்த்தமில்லை.

சங்கரநாராயணன் என்ற ஆராய்ச்சியாளர் திண்டுக்கல்லில் வினாகிரியை வைத்துப் புற்றுநோய் மரணங்களைக் குறைத்தார் என்று படித்தேன். நம்பக்கூடியதா?
– வளாக மாணவி, திருகோணமலை

நம்பலாம். ஆனால் அது கடை வினாகிரி அல்ல. திருவனந்தபுரம் பிராந்தியப் புற்றுநோய் மையத்தில் பணியாற்றிப் பின் பிரான்சின் லியோன் நகரிலுள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகத்துக்குப் போனவர் ஆர். சங்கரநாராயணன். ஆய்வுகூடமும் கலங்களைப் பார்க்கத் தெரிந்தவரும் இல்லாத கிராமத்தில் என்ன செய்யலாம் என்பதுதான் அவருடைய கேள்வி.

கழுத்துப் பகுதியில் 4 வீத அசற்றிக் அமிலத்தைத் தடவி ஒரு நிமிடம் பொறுத்தால், மாறிய கலங்கள் உள்ள இடம் வெளுக்கும். அந்தக் கலங்களுக்குள் இருக்கும் உட்கரு பெரிது, புரதம் அதிகம். அமிலம் பட்டுப் புரதம் திரைய, ஒளி உள்ளே போகாமல் தெறித்து வரும். சாதாரணக் கலங்கள் இளஞ்சிவப்பாகவே இருக்கும். வெறுங்கண்ணால் பார்த்து உடனே சொல்லலாம்.

திண்டுக்கல் மாவட்டத்தில் அம்பிளிக்கை சமுதாய சுகாதார நிலையத்தோடு சேர்ந்து 2000 இல் ஆய்வைத் தொடங்கினார்கள். 30 முதல் 59 வயதுப் பெண்கள். பார்த்தவர்கள் பயிற்சி பெற்ற தாதிமார். அழைக்கத் தகுதியான 49,311 பேரில் 31,343 பேர் வந்தார்கள். அவர்களில் 3,088 பேருக்கு வெண்மை தெரிந்தது. ஒரே ஒரு சுற்றுச் சோதனைதான். 2007 இல் வெளியான முடிவில், சோதனை நடக்காத ஊர்களோடு ஒப்பிட, நோய் வருவது 25 வீதமும் மரணம் 35 வீதமும் குறைந்திருந்தன.

குறையும் சொல்ல வேண்டும். வெண்மை தெரிந்த பத்துப் பேரில் ஒன்பது பேருக்குமேல் புற்றுநோய் இல்லை, வெறும் அழற்சியிலும் வெளுக்கும். மாதவிடாய் நின்ற பிறகு, வெளிக் கலமும் உட்கலமும் சந்திக்கிற வளையம் உள்ளே ஏறிவிடுவதால் கண்ணுக்கு எட்டாது. புற்றுநோய்க்கு முந்திய மாற்றம் உள்ளவர்கள் என்று கண்டவர்களில் 72 வீதத்தினர்தான் சிகிச்சைக்கு வந்தார்கள். ஒப்பீட்டு ஊர்களின் பெண்களுக்குச் சோதனை கொடுக்காமல் விட்டது சரியா என்ற கண்டனமும் பின்னர் எழுந்தது. அது நியாயமான கேள்வி என்பதே எங்கள் கருத்து.

அதே குழு மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத்தில் 131,746 பெண்களை நான்காகப் பிரித்து ஒப்பிட்டது. வைரஸ் இருக்கிறதா என்று பார்க்கும் எச்.பி.வி. சோதனையை ஒருமுறை செய்த பகுதியில் எட்டு வருடத்தில் 34 மரணம், வழமையான பராமரிப்பு மட்டும் கிடைத்த பகுதியில் 64. பாப்புக்கும் அமிலச் சோதனைக்கும் அங்கே அவ்வளவு பலன் தெரியவில்லை. உலக சுகாதார நிறுவனம் இன்று எச்.பி.வி. சோதனையை முன்னே வைப்பதற்கு 2009 இல் வெளியான அந்த ஆய்வும் ஒரு காரணம்.

மகள் தரம் 6. பாடசாலையில் ஊசிக்குச் சம்மதக் கடிதம் தந்திருக்கிறார்கள். கையெழுத்து வைக்கலாமா?
– தாய், தம்பலகாமம்

வையுங்கள். 2017 முதல் தரம் 6 பெண் பிள்ளைகளுக்கு இந்த எச்.பி.வி. ஊசி போடுகிறார்கள், தொடங்கியபோது ஆறு மாத இடைவெளியில் இரண்டு. வைரஸ் உடம்பில் நுழைவதற்கு முன் போட்டால்தான் முழுப் பலன், அதனால்தான் இந்த வயது. பிள்ளைப் பேற்றைப் பாதிக்கும் என்பது வதந்தி. ஊசி போட்ட பிள்ளையும் 35 வயதில் பாப் செய்ய வேண்டும், எல்லா வகை வைரஸையும் ஊசி தடுக்காது.

மனைவிக்கு வயது 29, பால் கொடுக்கிறா. மார்பில் ஒரு கட்டி. நோகவில்லை. பத்துப் போட்டால் கரையும், ஊசி குத்திப் பார்த்தால் பரவும் என்கிறார்கள்.
– வாசகர், சாம்பல்தீவு

பால் கட்டியாக இருக்கவே சாத்தியம் கூட. பால் கொடுத்து, மெல்ல நீவி இரண்டு கிழமை பாருங்கள். கரையாவிட்டால், அல்லது தோல் தோடம்பழத் தோல்போலச் சுருங்கினால், காம்பு புதிதாக உள்ளே இழுத்தால், இரத்தம் கசிந்தால் அன்றே காட்டுங்கள். நோகாத கட்டி நல்ல கட்டி என்பது பிழையான நம்பிக்கை, ஆரம்பப் புற்றுக்கட்டி பெரும்பாலும் நோவதில்லை. இந்த வயதில் முதலில் ஸ்கேன், தேவைப்பட்டால் ஊசியால் துண்டு எடுத்துச் சோதனை. அந்த ஊசியால் நோய் பரவிச் சாகிறார்கள் என்பதற்கு ஆதாரம் இல்லை. பத்து போட்டுக் கடந்த மூன்று மாதத்தால் கெட்டவை நிறைய.

மாதாமாதம் தன் மார்பைத் தானே தொட்டுப் பார்க்கும் சுயபரிசோதனை பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஷாங்காயில் 266,064 ஆலைத் தொழிலாளிப் பெண்களை வைத்துச் செய்த ஆய்வில், முறையாகச் சொல்லிக்கொடுத்தும் மரணம் குறையவில்லை. மும்பையில் பயிற்சி பெற்ற பெண் ஊழியர்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கையால் சோதித்தபோது, 50 வயதுக்கு மேற்பட்டவர்களில் மரணம் 30 வீதமளவு குறைந்தது. குளிக்கும்போது தன் மார்பின் வழமையைத் தெரிந்து வைத்திருப்பதும், கிளினிக்கில் பழகிய கையால் பார்ப்பிப்பதும் சேர்ந்தால் நல்லது.

மாமிக்கு மட்டக்களப்பில் கீமோ ஏற்றி ஒன்பதாம் நாள். இரவு குளிரோடு காய்ச்சல் வந்தது. பனடோல் கொடுத்தோம், இறங்கிவிட்டது. அடுத்த கிளினிக் மட்டும் பொறுக்கலாமா? வாயும் புண்.
– மருமகள், மூதூர்

பொறுக்க வேண்டாம். இந்தப் பதில் உங்களுக்குப் பிந்திக் கிடைக்கும். அடுத்த தரத்துக்காவது உதவட்டும், இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் சொல்கிறோம்.

கீமோ ஏறி ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை வெண்குருதிக் கலங்கள் மிகக் குறைந்திருக்கும். அப்போது வரும் காய்ச்சல் சில மணி நேரத்தில் ஆளையே விழுத்திவிடும். வெப்பமானி 38 பாகை காட்டினால் நேரம் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மட்டக்களப்பு வரை ஓட வேண்டாம், மூதூர் ஆதார வைத்தியசாலை போதும். அங்கே வாய் திறந்ததும் முதல் வார்த்தை ‘காய்ச்சல்’ என்று இருக்கக்கூடாது, ‘கீமோ ஏறி ஒன்பதாம் நாள்’ என்று இருக்க வேண்டும். நாளத்தால் அன்டிபயோட்டிக் ஒரு மணி நேரத்துக்குள் ஏற வேண்டிய நிலை இது. காய்ச்சலை அளக்கும் முன் பனடோல் கொடுத்தால் வெப்பம் இறங்கும், தொற்று இறங்காது, டொக்டரும் ஏமாறுவார். அஸ்பிரினும் இபுப்ரோஃபெனும் கொடுக்கவே வேண்டாம், இரத்தம் உறைவது ஏற்கனவே குறைந்திருக்கும்.

வாய்ப் புண்ணுக்கு ஒரு குவளை ஆறிய சுடுதண்ணீரில் அரைத் தேக்கரண்டி உப்பு, அரைத் தேக்கரண்டி அப்பச் சோடா. ஒரு நாளைக்கு நாலைந்து தரம் கொப்பளித்துத் துப்பச் சொல்லுங்கள். மென்மையான பிரஷ். உறைப்பு, புளி கொஞ்ச நாளைக்கு வேண்டாம். கஞ்சியைச் சுடச்சுடக் கொடுக்காமல் ஆறவிட்டுக் கொடுங்கள்.

மருந்து அட்டை, கடைசி இரத்தப் பரிசோதனைத் துண்டு, வெப்பமானி மூன்றையும் ஒரே பையில் கட்டிலடியில் வையுங்கள். அட்டையின் பின்பக்கத்தில் கடைசியாகக் கீமோ ஏறிய திகதியைப் பெரிதாக எழுதிவிடுங்கள். இரவு இரண்டு மணிக்கு வாசலில் வைத்துக் கேட்டால் வீட்டில் ஒருவருக்கும் அது ஞாபகம் வராது.